தணிகைச் சாலையின் பாரம்

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கோயில் ஊர் திருத்தணி. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாளன்று இவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இக்கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து வருவோர் எண்ணிறந்தோர்.

இவ்வூருக்குச் சென்ற நம் கருத்தை ஈர்த்தது மலையினும் அதன் அடிவாரத்துச் சாலையே. சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் நெடுஞ்சாலை அது. நடந்து செல்லும் பக்தரும் பள்ளிச் சிறாரும் செல்லும் வழியிலேயே சரக்கு லாரிகளும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களும் ஓடுகின்றன. 2024 ஆகஸ்டில் இராமஞ்சேரி அருகே காரும் லாரியும் மோதியதில் கல்லூரி மாணவர் ஐவர் மாண்டனர். 2025 மார்ச்சில் கே.ஜி. கண்டிகை அருகே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதி மேலும் சில குடும்பங்கள் துயரில் ஆழ்ந்தன.

பெருவண்டியின் இயல்பை நாம் அறிந்திருத்தல் நலம். இரண்டு அச்சு லாரி சரக்கோடு 18.5 டன்னும், மூன்று அச்சு லாரி 28.5 டன்னும் இருக்கலாம் என 2018-இல் வரம்பு உயர்த்தப்பட்டது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வரம்பு மீறிய பாரமோ பிரேக்கைச் சூடேற்றித் தளர்த்தும். டயரையும் வெடிக்கச் செய்யும். முகப்பை ஒட்டியும் இடப்புறம் நெருங்கியும் நிற்பவர் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படார்.

அவ்வோட்டுநரும் ஒரு குடும்பத்தின் தலைவரே. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே பொதுவான வேலை வரம்பு என்றது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஆயினும் நடைக்கு இவ்வளவு எனக் கூலி பேசப்படும் இடத்தில் உறக்கம் ஒரு நஷ்டமாகிவிடுகிறது. மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்துள்ளது. இருந்தும் பாரம் குறைந்தபாடில்லை.

அப்பாரத்தை ஏற்றுபவர் யார்? வீடு கட்டும் நாமும் அல்லவா? ஒரே லோடில் சற்று அதிகம் கொட்டச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அந்தச் சிறு லாபத்தின் எடையைச் சாலையில் செல்லும் முன்பின் அறியாத ஒருவர் சுமக்கிறார்.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் பங்குக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நடைபாதை இல்லாத இடத்தில், எதிர்வரும் வண்டிகளைக் காணும்படி வலப்புறமாக, ஒற்றை வரிசையில் நடப்போம். இரவில் ஒளி மின்னும் பட்டை அணிவோம். நின்றிருக்கும் லாரியாயினும் அதன் நிழலில் அமர வேண்டாம். வீடோ பங்கு மண்டபமோ கட்டும்போது, அளவான லோடையே கேட்டு, இரண்டாம் நடைக்குரிய கூலியை மனமுவந்து கொடுப்போம்.