சிப்பாய்க்கு யார் கொடுத்த வரம்?

நம் வீடுகளில் தர்க்கத்துக்கு உட்படாத விஷயம் அரிது. ரசத்தில் பூண்டு சேர்க்கலாமா என்பது முதல், சம்பந்தி வீட்டுக்கு முதலில் யார் கடிதம் எழுதுவது என்பது வரை எதற்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் சதுரங்கப் பலகையை விரித்துவிட்டால் நாம் எல்லோரும் பரம சாதுக்களாகிவிடுகிறோம். குதிரை ஏன் கோணலாகத் தாவ வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. தோற்றுப் போனவர் வெளிச்சம் போதவில்லை என்பார், பக்கத்தில் நின்றவர் பேசிக் கெடுத்தார் என்பார். விதி தவறு என்று மட்டும் சொல்லமாட்டார்.

அவ்விதிகள் அநாதியானவை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். உண்மை வேறு. ஆட்டம் நம்முடையதுதான், ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டில் நம் நாட்டில் வழங்கிய சதுரங்கம், பாரசீகர், அராபியர் கைகளின் வழியாக ஐரோப்பா சேர்ந்தது. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேதான், கோணத்தில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்துகொண்டிருந்த மந்திரி, ராணியாக உருமாறிப் பலகை முழுவதும் பறக்கலானாள். சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாய்வதும், ராஜா கோட்டை கட்டிக்கொள்வதும் அந்நாட்டார் செய்த ஏற்பாடுகளே. பலம் பெற்ற மந்திரியை நாமும் பிற்பாடு ஏற்றுக்கொண்டோம். மற்றவற்றை வெகுகாலம் ஏற்கவில்லை. ஊருக்கு ஊர் சிறிது வேற்றுமை உண்டென்றாலும், பொதுவாக நம் சிப்பாய் ஒரு கட்டமே நகர்வான். ராஜா கோட்டை கட்டமாட்டார். ஆபத்துக்கு ஒரு முறை குதிரைபோல் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், அந்த வரிசைக்கு உரிய காயாகவே மாறுவான்.

சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீராம நவமி உற்சவத்துக்காக, அரியலூருக்கு அருகிலுள்ள கல்லங்குறிச்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே கலியுக வரதராஜப் பெருமாள் கற்கம்பத்தின் வடிவில் வழிபடப்படுகிறார். தரிசனம் முடித்துத் திரும்பினால், நாங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவரும் அவர் பேரனும் ஆட்டத்தில் அமர்ந்திருந்தார்கள்.

“ஏண்டா, முதல் அடியிலேயே சிப்பாய் இரண்டு வீடு பாய்கிறானே! யார் கொடுத்த வரம்?” என்றார் பெரியவர்.

“அதுதான் சட்டம், தாத்தா. பள்ளிக்கூடப் பந்தயத்தில் இப்படித்தான் ஆடவேண்டும்.”

“அப்போது நான் அறுபது வருஷமாய் ஆடினது?”

பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் நம் பக்கம் திரும்பி, “என் ஆட்டம் தெரிந்த மூன்று பேரும் போய்விட்டார்கள், ஐயா. இனி இவனோடு ஆடினால்தான் உண்டு” என்றார். பிறகு காய்களை மறுபடி அடுக்கினார். ஆட்டம் பேரன் விதிப்படியே நடந்தது.

விதிகள் ஏன் மாறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் கேட்டதில்லை. எந்த விதி உயர்ந்தது என்று பெரியவர் விசாரிக்கவில்லை. எதிரே உட்கார ஆள் உண்டா என்று பார்த்தார். 1924-ல் பாரிஸ் நகரில் சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் ஏற்பட்டது. பந்தயம், பட்டம், புத்தகம் எல்லாம் ஒரே சட்டத்தைச் சார்ந்துவிட்டன. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் நம் நாட்டு முறையிலேயே ஆடி வளர்ந்தவர். வாலிபப் பிராயத்தில் ஐரோப்பிய விதிகளைக் கற்று, 1929-ல் லண்டனுக்குப் போன வருஷமே பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். காபபிளாங்காவையே தோற்கடித்தார். அத்தகைய மேதைக்கும் தம் ஊர்ச் சிப்பாயை லண்டனுக்கு அழைத்துப் போக முடியவில்லை.

நிற்க. விதிகளைப் பற்றி முறையிட்டவர்கள் அடியோடு இல்லாமலில்லை. விசித்திரம் என்னவென்றால், அவர்கள் பெரும்பாலும் உச்சியில் இருந்தவர்கள். காபபிளாங்கா பெரிய பலகையும் புதுக் காய்களும் வேண்டும் என்றார். பாபி பிஷர் 1996-ல், பின்வரிசைக் காய்களைச் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து வைக்கச் சொன்னார். ஆட்டம் வறண்டுபோகும், எல்லாம் சரிசமமாக முடியும் என்பது அவர்கள் கவலை. நமக்கோ அக்கவலை இல்லை. சரிசமம் ஆவதற்கு வெகு முன்பே நாம் தோற்றுவிடுகிறோம். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அடிவரை இறங்கியவன் சொல்லலாம். கரையில் நின்று ஒரு குடம் மொண்டவனுக்கு அந்தப் புகார் எப்படித் தோன்றும்?

உலக வீரராயிருந்த ருஷ்யர் கிராம்னிக்கும் அவ்வாறு கவலைப்பட்டு ஒரு யோசனை கூறினார்: ராஜா கோட்டை கட்டுவதையே நீக்கிவிடலாம் என்று. 2021 ஜூலையில் ஜெர்மனியிலுள்ள டார்ட்மண்ட் நகரில், அந்த விதியின்படி அவரும் நம் சென்னை விசுவநாதன் ஆனந்தும் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் ஆனந்த் ஜயித்தார். சதுரங்கத்தில் இது ஒரு புதுவகை என்றார்கள். கல்லங்குறிச்சிப் பெரியவர் ஆடிய அறுபது வருஷத்தில் ராஜா ஒரு நாளும் கோட்டை கட்டியதில்லை.