காக்கையும் பனம்பழமும்

அளவை நூல் என்றதும் அஞ்சி ஒதுங்குவோர் பலர். அது புலவர்க்கும் வழக்குரைஞர்க்கும் உரிய பொருள், நமக்கேன் அந்த வம்பு என்பர். கத்தரிக்காய் வாங்கும்போது புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோமே, கருத்தை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்?

இந்த ஐயம் எழுந்த நாளில், பழைய புத்தகக் கடையொன்றில் நம் கைக்கு வந்தது ஒரு சிறு நூல். 'பயன் கருதிச் சிந்தித்தல்' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். எழுதியவர் சூசன் ஸ்டெப்பிங். பிரிட்டனில் மெய்யியல் பேராசிரியராக அமர்ந்த முதல் பெண்மணி. 1933-இல் இலண்டனில் அப்பதவி ஏற்றவர், 1939-இல் பெலிக்கன் மலிவுப் பதிப்பாக இந்நூலை அளித்தார். மேடைப் பேச்சையும் செய்தித்தாள் வரிகளையும் எடுத்துவைத்து, இதில் வாதம் எங்கே, வெறும் உணர்ச்சி எங்கே என்று பிரித்துக் காட்டுகிறார்.

சிமிழில் அடைத்த இறைச்சி உண்ண எளிது, உயிர்ச்சத்துத்தான் போய்விடுகிறது. எண்ணங்களிலும் அப்படிச் சிமிழில் அடைத்தவை உண்டு என்கிறார் அம்மையார். நாம் அதை ஊறுகாய்ச் சாடி என்று வைத்துக்கொண்டோம். 'பெண் புத்தி பின் புத்தி' என்ற ஊறுகாயை எவர் போட்டார், எப்போது போட்டார், எவரேனும் கேட்டதுண்டா? மூடியைத் திறந்தால் நாக்கில் நீர் ஊறுகிறது, அவ்வளவே!

தொடக்க அளவை நூல் எதுவாயினும் கற்றுத்தரும் பாடம் ஒன்று நம்மை நெடுநாள் நிறுத்திவைத்தது. வாதத்தின் வடிவம் வேறு, அதில் இட்ட சரக்கின் உண்மை வேறு. 'பழமையானவை யாவும் நல்லவை, சாதி பழமையானது, ஆகவே சாதி நல்லது.' வடிவத்தில் பழுதே இல்லை! முதல் இரண்டையும் ஒப்பியவன் மூன்றாவதை மறுக்கவியலாது. ஆகவே முடிவோடு மல்லுக்கு நிற்பது வீண். முதல் வாக்கியத்தின் கழுத்தைப் பிடிக்கவேண்டும். பெரியம்மையும் பழமையானதே. அது ஒழிந்தது என 1980-இல் உலக நல நிறுவனம் அறிவித்தபோது, ஐயோ பழமை போயிற்றே என்று அழுதவர் உண்டா?

இது மேனாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்போர் மணிமேகலையைப் புரட்டட்டும். காஞ்சியில் அறவண அடிகள் அப்பெண்ணுக்கு முதலில் எடுத்துரைப்பது அளவை இலக்கணமே. காண்டல், கருத்து என அளவை இரண்டு. பிறகு பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று வாதத்தின் ஓட்டைகளுக்கு நீண்ட பட்டியல். மலையில் நெருப்புண்டு, புகை தெரிவதால், அடுக்களைபோல என்ற பாடமும் ஆங்கே உண்டு.

ஏட்டில் படித்தது வீட்டில் சோதனைக்கு வந்தது. நம் உறவில் ஒரு மருமகள். அவள் வந்த மூன்றாம் திங்கள் மாமனார் மறைந்தார். 'கால் வைத்தாள், குடி கெட்டது' என்றனர். அவருக்கு ஈராண்டாகவே நெஞ்சுவலி. அதை எவரும் பேசவில்லை. அவளைப் பிறந்தகத்துக்கே அனுப்பிவிடும் பேச்சும் எழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையல்லவா இது? ஒன்றன்பின் ஒன்று வந்ததால் ஒன்றால் ஒன்று விளைந்தது என்பது அளவை நூலார் எள்ளும் போலி. அந்தத் திங்களில் வீட்டிற்குப் புதிதாய் வந்தவள் அவள் மட்டுமா? சீராக வந்த கட்டிலும் உடன் வந்தது. கட்டிலைத் திருப்பி அனுப்ப எவரும் எண்ணவில்லை.

இதைச் சொன்னோம். 'நீர் படித்தவர், பேசுவீர்' என்றனர். வாதத்திற்கு விடையன்று இது. வாதிப்பவனைப் பற்றிய பேச்சு. அதற்கும் அளவை நூலில் பெயருண்டு. பெயர் சொல்லிப் பயன்?

எனவே மாமியாரை மட்டும் தனியே கேட்டோம்: "அம்மா, நீங்கள் இவ்வீட்டில் கால் வைத்த ஆண்டில் என்ன நடந்தது?"

நெடுநேரம் பேசவில்லை அந்த அம்மையார். "கறவை மாடு இரண்டு செத்தன. என்னையும் இப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

மருமகள் இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறாள்.