சத்தகம் எங்கே?

மார்கழி பிறந்துவிட்டால் அம்மம்மாவின் சத்தகம் காணாமல் போகும். ஒவ்வொரு வருசமும் போகும். "எடேய், சத்தகம் எங்க?" என்று அவ கேட்பது ஒழுங்கை முடக்குவரை கேட்கும். அந்த "எடேய்" நான்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

சத்தகம் ஓலை வாருகிற கத்தி. ஒரு சாண் நீளம்கூட வராது. அம்மம்மாவுடையதற்கு மரப்பிடி இல்லை. அலகும் பிடியும் ஒரே இரும்பு. அலகு மெல்லிசு, நுனியில் கொஞ்சம் வளைவு. பிடியின் மறுமுனை ஊசிபோல் முடியும். சார்வோலையை வார்ந்து பெட்டி இழைக்கும்போது, இறுகிக் கிடக்கும் இழையை அந்தக் கூர்முனையால் நெம்பி, அடுத்த ஓலைக்கு வழி விடுவா. வெட்டவும் நெம்பவும் ஒரே சாமான். நீத்துப்பெட்டி, கடகம், உமல், தட்டுப்பெட்டி என்று எங்கள் குசினியில் பாதியை அந்தக் கத்திதான் பெற்றுப் போட்டது.

எனக்கு அது மூங்கில் சீவ வேணும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் என்றால் பொங்கலோடு பட்டமும். இப்போது உதயசூரியன் கடற்கரையில் போட்டி வைத்து, வெளியூர்ச் சனம் வாகனம் பிடித்து வந்து பார்க்கிறது. அந்த நாளில் எங்களுக்குப் போட்டி பக்கத்து வளவுப் பெடியனோடுதான். கொக்குப் பட்டம் கட்டுவதில் பெரிய வித்தை ஒட்டுவதில் இல்லை, சீவுவதில் இருக்கிறது. செட்டைக்கு வைக்கும் மூங்கிலை நடுவில் விரல்மேல் வைத்துப் பார்க்க வேணும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் ஒரு சீவல். தாள்போல ஒரு சீவல், அவ்வளவுதான். கூடினால் மற்றப் பக்கம் சாயும், பிறகு அதைச் சீவ, பிறகு இதைச் சீவ, கடைசியில் கையில் ஈர்க்குத்தான் மிஞ்சும். குசினிக் கத்தி இந்த வேலைக்கு மொத்தம். சவர அலகு முறிந்துபோகும். சத்தகம் மட்டும் சொன்ன சொல் கேட்கும்.

மூங்கில் பட்டால் சத்தகத்தின் வாய் மழுங்கும் என்பதுதான் பிரச்சினை. கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் தண்ணீர் விட்டுத் தீட்டி, துடைத்து, கிடுகுச் செத்தையில் பழைய இடத்திலேயே செருகி வைப்பேன். அடுத்தநாள் முதல் ஓலை வாரும்போதே பிடிபட்டுவிடும். ஓலை நேரே வராமல் கோணிக்கொண்டு போகும். அவ ஓலையைப் பார்க்கமாட்டா, என்னைத்தான் பார்ப்பா. ஏச்சு முடிந்ததும் சத்தகத்தை நீட்டுவா என்று நினைக்க வேண்டாம். நிலத்தில் வைப்பா, நான் எடுக்க வேணும். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்பது அவவின் சாத்திரம். ஏற்கெனவே வந்து முடிந்த சண்டைக்கு இந்தச் சாத்திரம் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

இதை யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பிடித்தமான சாமான் என்று பேரெடுத்த எதுவும், தான் செய்யப்பட்ட வேலையை மட்டும் செய்ததில்லை. திருவலைக் கட்டையில் தேங்காய் திருவிய நேரத்தைவிட நான் குந்தியிருந்து புட்டுத் தின்ற நேரம் கூட. சைக்கிள் கம்பி சில்லில் இருந்ததைவிட வெளியில் இருந்ததே அதிகம்: அடைபட்ட அடுப்புத் துவாரம் குத்த, கருவாடு கோத்துச் சுட, நிப்பிளுக்குள் நெருப்புக்குச்சி மருந்தை அடைத்துச் சுவரில் அடித்து வெடி கொளுத்த. கடைசி வேலைக்கு விழுந்த அடியும் அந்தக் கம்பியால்தான்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு இந்தக் குணம் முழுக் குடாநாட்டுக்கும் வந்தது. மின்சாரம் போய்விட்டது. பற்றரி தடை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தல் விளக்கானது: அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், தகரத் துண்டை வளைத்துத் திரியை நிறுத்தினால் போத்தலே சிமினி. மோட்டார் சைக்கிள்காரர் நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி இயந்திரத்தை ஏமாற்றி எழுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குப் பதினொரு வயதாகிவிடும்.

எங்கள் வீட்டில் ரேடியோ ஐயாவின் பொறுப்பு. நாலு பெரிய பற்றரி போடுகிற ரேடியோ, ஆக மொத்தம் 6 வோல்ற். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ற். ஐயா இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் கலியாணக் களை. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம். ஒழுங்கை முனையில் ரேடியோ திருத்துகிறவர் ஒரு சின்னச் சாமானைப் பற்றாசு வைத்து ஒட்டித் தந்தார். அவர் அதை டயோட் என்றார். இரண்டு மூன்று வருசம் கழித்து வகுப்பில் வாத்தியார் இருவாயி என்று கரும்பலகையில் எழுதியபோது, இது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிற சாமான் என்று எழும்பிச் சொன்னேன்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. செய்தி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் முற்றத்தில் கூடிவிடுவார்கள். பிபிசி தமிழோசை, சில நாள் மணிலாவிலிருந்து வெரித்தாஸ். ஒரே சீராகச் சுற்ற வேணும். கை அலுத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். எப்படியோ, எங்கே குண்டு விழுந்தது என்ற ஊர்ப்பெயர் வரும் இடத்தில்தான் என் கை அலுக்கும். "சுத்தடா! சுத்தடா!" என்று பத்துப்பேர் கத்துவார்கள். அந்தக் கத்தலில் ஊர்ப்பெயர் ஒருவருக்கும் கேட்காது. பிறகு எந்த ஊர் என்று ஒரு மணித்தியாலம் விவாதம் நடக்கும்.

கோணூசியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சாக்குத் தைக்கிற ஊசி அது. அரிசிச் சாக்கு, வெங்காயச் சாக்கு. 1987 வைகாசிக் கடைசியில் வடமராட்சிக்கு ஆமி இறங்கியபோது, பனங்குற்றி அடுக்கிய பங்கருக்கு மேலே போட மண் நிரப்பிய சாக்குகளை அம்மா இரவிரவாக அதே ஊசியால் தைத்தா. நான் லாம்பு பிடித்தேன். நுனி கொஞ்சம் வளைந்த ஊசி, சணல்நூல் இழுபடும் சத்தம்.

இந்த ஊரில் சாமான்கள் தொழில் மாறுவது புதிதல்ல. வேப்பமரத்தை வாச்சியாலும் உளியாலும் செதுக்கிக் கப்பல் கட்டிய ஓடாவிமார் வாழ்ந்த ஊர் இது. இங்கே கட்டிய அன்னபூரணி 89 அடி நீளச் சரக்குப் பாய்க்கப்பல். அதை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடேயே கடல் கடத்தினார். 1938இல் அது மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. சரக்கு ஏற்றப் பிறந்த கப்பல் ஒரு வெள்ளைக்காரரின் ஆசைப்படகான கதையை ஊரில் பெருமையாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அதைக் கட்டிய வாச்சி யாருடைய வீட்டுச் செத்தையில் துருப்பிடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது யாழ்ப்பாணத்து விடுதிகளில் சுளகையும் மூக்குப்பேணியையும் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். படம் எடுக்க நன்றாயிருக்கும். போனமுறை ஒரு விடுதியில் சுவரிலிருந்த சுளகை எடுத்து, வெயிலுக்கு விசிறிக்கொண்டேன். பணியாள் ஓடிவந்து, "ஐயா, அது டெக்கரேஷன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அம்மம்மா போனபிறகு சத்தகத்தை யார் எடுத்தது என்று தெரியாமலே இருந்தது. பட்டத்துக்கு ஆள் வைத்து மூங்கில் சீவும் வயது எனக்கும் வந்துவிட்டது, தேடவில்லை. போன மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து மருமகள் வீடியோவில் வந்தாள். அக்காவின் மகள். வாசலில் வந்து இறங்கிய பெட்டி ஒன்றைக் குசினி மேசையில் வைத்துப் பிரித்துக்கொண்டே கதைத்தாள். ஒட்டியிருந்த ரேப்பை அவள் கிழித்த கத்தியைக் கண்டதும், "பிள்ளை, அதைக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றேன்.

ஒரே இரும்பு, வளைந்த நுனி, ஊசிபோன்ற வால்.

"அம்மா ஊரிலயிருந்து கொண்டந்தவ, மாமா. பார்சல் வெட்ட இதுதான் நல்லம். இந்தக் கூர்ப்பக்கத்தால ரேப்பைக் கிளப்பலாம், பாருங்கோ."

நெம்பிக் காட்டினாள். பிடித்த பிடி அம்மம்மாவின் பிடி. ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, அந்தச் சாமானை வேறு விதமாகப் பிடிக்க வராது. "வாய் மழுங்கிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா, கொஞ்சம் மழுங்கித்தான் கிடக்கு. இதை எதில தீட்டுறது?"

அங்கே கிணற்றுக்கட்டு இல்லை. கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கமில்லாத விளிம்பில் தண்ணீர் விட்டுத் தீட்டச் சொன்னேன்.