எஞ்சினைத் திறக்கும் முன்

தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டி வைக்கும் கால், சாய்வான முன்ஃபோர்க், கனத்த உடல் என்று நெடும்பயணத்துக்காக அமைந்தது குரூசர் வகை மோட்டார் சைக்கிள். சென்னையின் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் 2002-இல் வந்த தண்டர்பேர்டும், 2020-இல் வந்த மீட்டியார் 350-உம் இந்த வகை. தண்டர்பேர்டின் 346 சிசி எஞ்சினில் இருப்பது ஒரே பிஸ்டன். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நீண்ட வீச்சும் கனமான ஃப்ளைவீலும்தான் குறைந்த வேகத்திலும் வண்டியை இழுத்துச் செல்லும் பலத்தைத் தருகின்றன. அதிர்வைத் தருவதும் அந்த நீண்ட வீச்சில் ஏறி இறங்கும் ஒற்றைப் பிஸ்டன்தான். மீட்டியாரின் 349 சிசி எஞ்சினில் அதிர்வைச் சமன்செய்யத் தனியாக ஒரு பேலன்சர் ஷாஃப்ட் உண்டு. தண்டர்பேர்டில் அது கிடையாது.

அதிர்வு முதலில் நட்டுகளைத்தான் பதம் பார்க்கும். சைலன்சர் பிராக்கெட், மட்கார்டு தாங்கி, நம்பர் பிளேட், எஞ்சின் மவுண்டிங் போல்ட் எல்லாம் மெல்லத் தளரும். தளர்ந்த ஒரு பிராக்கெட் எழுப்பும் சத்தம் எஞ்சினுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கும். புதுப்பேட்டையில் நான் பார்த்த ஒரு பட்டறையில் இதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. "பாய், ஹெட்ல சத்தம் வருது, இறக்கிடலாமா?" என்று ஓர் இளைஞர் பதற்றத்தோடு கேட்டார். "இரு தம்பி, இறக்குறதுக்கு என்ன அவசரம்?" என்றார் மூத்த மெக்கானிக். வண்டியை ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட்டிலும் பிடியைக் காதோரத்திலும் வைத்தார். பிறகு சிலிண்டர் அடி, கிளட்ச் பக்கம், டைமிங் பக்கம் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டார். கடைசியில் சைலன்சரை ஒரு துணியால் பிடித்து அழுத்தினார். சத்தம் நின்றுவிட்டது. போல்ட்டை முறுக்கியதோடு வேலை முடிந்தது.

இந்தத் தொழிலின் உயர்ந்த திறமை எஞ்சினைத் திறப்பதில் இல்லை, திறக்காமலே பழுதைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. ஆனால் கூலி கிடைப்பது திறப்பதற்குத்தான். ஹெட்டை இறக்கி கேஸ்கெட் மாற்றினால் பணம் கொடுக்கிறவர்கள், போல்ட்டை முறுக்கியதற்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். காதுக்கும் அனுபவத்துக்கும் கூலி போடும் பழக்கம் நம்மிடம் இல்லை. நேர்மையான மெக்கானிக்குகளுக்கு இது பெரிய அநியாயம்.

இந்தக் காது பழகியது பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டுகளில். அவற்றில் டேப்பெட் வைப்பது, அதாவது வால்வின் இடைவெளியைச் சரிசெய்வது, இன்றும் கையால் செய்யும் வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டரின் வலப்பக்கம் உள்ள டேப்பெட் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடி தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, சிறு ஸ்பேனரால் அட்ஜஸ்டரைத் திருப்பியபடியே, மறு கையின் இரண்டு விரல் நுனிகளால் ராடை உருட்டிப் பார்க்கிறார்கள். ராடு தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மயிரிழை கூடுதல் தளர்ச்சி. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பார்க்காமல் மூடியைப் போடுவதில்லை. அளவு மீறி இறுகினால் வால்வு முழுதாக மூடாமல் கருகும், சூடான வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும். லேசான 'டிக் டிக்' கேட்பதே நல்லது.

பின்னர் வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூசிஇ எஞ்சின் தண்டர்பேர்டுகளில் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் இந்த வேலை கிடையாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சத்தம் கேட்டு அடங்கினால் கவலை வேண்டாம், டேப்பெட்டுக்குள் ஆயில் நிரம்ப அந்த நேரம் பிடிக்கிறது. சத்தம் தொடர்ந்தால் முதலில் ஆயில் அளவையும் ரகத்தையும் பார்க்க வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் கண்ணாடியில் அளவு பார்க்கலாம். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ஆயில்தான் சூட்டையும் சுமக்கிறது. 15டபிள்யூ-50 ரகத்தில், ஜாசோ எம்ஏ தரம் குறித்த ஆயிலே வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்குப் பொருளால் கிளட்ச் பிளேட் வழுக்கத் தொடங்கும். கிளட்ச் போய்விட்டது என்று பிளேட் மாற்ற வந்த வண்டிகளில் ஆயிலை மட்டும் மாற்றிச் சரியானவை உண்டு.

யூசிஇ எஞ்சினில் நிறையப் பேர் சந்திக்கும் செலவு, செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் பட்டனை அழுத்தியதும் கரகரவென்று சத்தம் எழும், எஞ்சின் சுற்றாது. பாட்டரி பலவீனமாக இருக்கும்போது பட்டனை விடாமல் அழுத்துவது இதற்கு முக்கியக் காரணம். மோட்டாரால் பிஸ்டனைக் கம்ப்ரஷனைத் தாண்டித் தள்ள முடியாமல் போய், பிஸ்டன் பின்னுக்கு உதைக்கிறது. அந்த உதை முழுவதும் ஸ்ப்ராக் கிளட்சில் இறங்குகிறது. மாற்றுவதற்கு இடப்பக்க மூடியையும் கிளட்சையும் கழற்றியாக வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் கிக்கர் உள்ள வண்டியைக் கிக்கரில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

மின்பழுதுக்கு மல்டிமீட்டர் போதும். நிறுத்திய வண்டியில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே ரெகுலேட்டரை மாற்றச் சொல்லாமல், அதன் கப்ளரைக் கழற்றிப் பார்க்கிறவரே தேர்ந்த எலெக்ட்ரீஷியன். கடற்காற்று வீசும் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து வண்டிகளில் அந்தப் பித்தளை முனைகள் பச்சை பூத்துப்போயிருக்கும். சுத்தம் செய்து கிரீஸ் தடவினால் பல வண்டிகளில் சார்ஜ் திரும்பிவிடும்.

செயினில் தொய்வு 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால் பேரிங் கெடும். மாற்றும்போது செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்சக்கர ஹப்பிலுள்ள ரப்பர்கள் நைந்தாலும் வண்டி குலுங்கும். அதைச் செயின் கோளாறு என்று எண்ணிச் செலவழிப்பவர்கள் அதிகம்.

சாய்ந்த, கனமான முன்பக்கத்தின் அடியை வாங்குவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால், தேய்ந்த கோன் செட் நடுவில் பிடித்து நிற்கும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் டிஸ்க்கில் படுவதற்குள் மாற்றிவிட வேண்டும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இவற்றோடு கேபிள்களுக்கு ஆயில் விடுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, டயர் பட்டன் பார்ப்பது எல்லாவற்றையும் முடித்துவிடலாம். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்துவதானால், கார்புரேட்டர் வண்டிகளில் அதன் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், பாதி காலியான டேங்க்கில் துருவும் சேரும். நிறுத்தும் முன் டேங்க்கை நிரப்பி, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பது போதுமானது.