குரல் நிற்குமிடம்

ஒலியைத் திருத்தும் மென்பொருள் எதைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே உருக்கள்தாம் கண்ணிற்படும்: முக்கோணம், இரு கோடுகள், சதுரம், சிவப்பு வட்டம். இவற்றை ஒருசேர ‘டிரான்ஸ்போர்ட்’ என்பர். நாடாக் காலத்துப் பெயர் அது. கேசட்டில் காந்தத் தலை அசையாது நிற்க, நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அதனை உரசிச் செல்லும். நாடாவை நகர்த்தும் பொறியமைப்பே டிரான்ஸ்போர்ட். இன்றோ அலைவடிவம் அசையாது கிடக்க, ‘பிளேஹெட்’ என்னும் மெல்லிய கோடு அதன்மேல் ஊர்கிறது.

மர்ஹூம் வாப்பா சூரா யாஸீன் ஓதிய கேசட்டை ஆடாசிட்டியில் ஏற்றிய நாள்களில் இக்கோட்டோடு எங்களுக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஒலி ஓடும். மீண்டும் தட்டினால் நின்று, கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ‘பி’ விசை, வந்து சேர்ந்த இடத்திலேயே ஒலியைப் பிடித்து வைக்கும். அவ்விடத்தையே புதிய தொடக்கமாக்க ‘எக்ஸ்’. இம்மூன்றையும் பிரித்தறியாதவர் ஒரே ஆயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். அதில் நட்டமில்லை என்பது வேறு செய்தி.

ஓதுதலிலும் இவ்வேறுபாடு உண்டு. வக்ஃபில் குரலை நிறுத்தி மூச்சு வாங்குவர். ஸக்தாவில் மூச்சு விடாமல் கணநேரம் குரலை மட்டும் நிறுத்துவர். நம்மவர் ஓதும் ஹஃப்ஸ் முறையில் ஸக்தாவுக்குரிய நான்கு இடங்களுள் ஒன்று யாஸீனின் 52ஆம் ஆயத். உறங்குமிடத்திலிருந்து தம்மை எழுப்பியவர் யார் எனக் கேட்போரின் கூற்று அங்கே முடிகிறது. அர்ரஹ்மானின் வாக்குறுதியைக் கூறும் சொற்கள் தொடங்குகின்றன. இடைவெளி இல்லையேல் ‘இது’ என்னும் சொல் முன்னதோடு ஒட்டி, ‘இந்த உறங்குமிடம்’ எனக் கேட்கக்கூடும்.

வளைகுடாவிலிருக்கும் மச்சான், “மௌனத்தையெல்லாம் வெட்டிச் சுருக்கி அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பொறுமையாகக் கேட்க யாருக்கு நேரம்?” என்றார். மௌனத்தைத் தானே தேடிச் சுருக்கும் கட்டளை ஆடாசிட்டியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது ஒலியின் அளவும் நேரமுமே. இருமலுக்குப் பிந்திய ஓய்வு எது, ஸக்தா எது என அதற்குத் தெரியாது. நேர வரம்பை மிகக் குறைத்து வைத்தால் இரண்டையும் ஒன்றுபோலவே விழுங்கும்.

ஆகவே கையாலேயே செய்தோம். ஓரிடத்தைத் தேர்ந்து ‘சி’ விசையை அழுத்தினால், அப்பகுதி நீங்கினால் எப்படி ஒலிக்குமென வெட்டாமலே கேட்கலாம். வாப்பாவின் இருமலை அவ்வாறு கேட்டபோது தங்கை அழுதுவிட்டாள். இருமல் அப்படியே இருக்கட்டும் என்றாள், தம்பி ஒப்பவில்லை. கிராஅத்துக்கு அழகு வேண்டுமென்பது அவன் கட்சி. இறுதியில் தொடக்கத்து மின்விசிறி இரைச்சலையும் முடிவில் யாரோ கதவு சாத்தும் ஓசையையும் மட்டும் நீக்கினோம். இருமல் நிற்கிறது.

மச்சானுக்கு முழுவதையும் அனுப்பினோம். நீளம் அதிகம் என்று பதில் வந்தது. தங்கையின் மகன் மட்டும் 52ஆம் ஆயத்தை லூப்பில் வைத்து, தன் பாட்டனாருடன் மூச்சை அடக்கி ஓதிப் பழகுகிறான்.