அந்த முள் சொல்லாத காய்ச்சல்!

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூரில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். கவரைப்பேட்டை, ஆரணி வழியாகப் போய், பெரியபாளையத்தில் பவானி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது அம்மாவின் திட்டம்.

ஆடி ஞாயிறு பெரியபாளையம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வேன், டிராக்டர், ஷேர் ஆட்டோ, ரோட்டோரம் பொங்கல் வைப்பவர்கள், வேப்பஞ்சேலை கட்டி வரும் பெண்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை. கொஞ்சம் நகர்வதும் பிரேக் பிடிப்பதுமாகவே போனது.

திடீரென்று கார் உதறியது. அப்பா ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது. ஏதோ தீய்ந்த வாசனை வேறு. அப்பா டேஷ்போர்டைக் காட்டினார். "டெம்பரேச்சர் முள் நடுவுலதானேம்மா நிக்குது!"

எங்களுடையது 2011 மாடல் ஆட்டோமேட்டிக் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, பழைய காரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார். இந்தக் கார் இல்லையென்றால் அப்பா எங்கேயும் ஓட்டிப் போக முடியாது.

எப்படியோ தாமரைப்பாக்கம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் கியர் பாக்ஸ் ஆயில் ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"அந்த முள்ளு இன்ஜினோடது சார். கியர் பாக்ஸுக்குக் காய்ச்சல் வந்தா அது சொல்லாது. ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"ஆயுசு முழுக்க மாத்தவே வேணாம்னு வித்தவர் சொன்னாரே தம்பி..."

"எந்த ஆயுசுன்னு அவர் சொல்லலையா?" என்று சிரித்தார். கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்ப்பதென்றால் அவர் சொன்ன தொகை, காரை விற்றாலும் வராது. அப்பா எதுவும் பேசவில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்பா முப்பது வருஷம் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். இரும்புத் துண்டுகளை 1,100 டிகிரிக்கு மேல் காய்ச்சும் உலைக்குக் காவல் இருந்தவர். வெறும் 100 டிகிரியைக் கோட்டை விட்டுவிட்டோமே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

சூடு ஏன் ஏறுகிறது என்பதை அந்த மெக்கானிக்கே விளக்கினார். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் இன்னொன்றும் சுற்றும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும் அப்படித்தான். காற்றுக்குப் பதில் ஆயில். ஹைவேயில் வேகமெடுத்ததும் இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். அப்போது சூடு குறைவு. ஊர்ந்து போகும்போது ஒன்று வேகமாகச் சுற்ற, இன்னொன்று பின்தங்கும். அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலில் சூடாக இறங்கும்.

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. 120-ஐத் தாண்டினால் ஆயில் தீயத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும், உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும்.

"மொதல்ல ஆயிலை மாத்திப் பார்ப்போம். பிளேட் பிழைச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார். ஒருமுறை வடித்தால் பாதி ஆயில்தான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் இரண்டு முறை வடித்து ஊற்றினார். கார் கையேட்டில் சொன்ன அதே ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். ஃபில்டரை மாற்றி, சிப்காட் தூசி அடைத்திருந்த ரேடியேட்டரைக் கழுவினார். பல கார்களில் கியர் ஆயில் குளிர்வதும் அந்த ரேடியேட்டரில்தான். முன்பக்கம் சின்னதாக ஒரு தனி ஆயில் கூலரும் மாட்டினார். உதறல் நின்றது. கியர் பாக்ஸ் பிழைத்துவிட்டது.

அடுத்தது என் முறை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகும் ஓ.பி.டி. ரீடர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். புளூடூத் வழியாக கியர் ஆயிலின் சூடு செல்போனில் தெரிகிறது. எல்லா கார்களிலும் இது தெரியாது. சிலவற்றுக்கு அந்த மாடலுக்கான தனி ஆப் வேண்டும். அதுவும் இல்லையென்றால், மெக்கானிக்கிடம் சொல்லி கூலர் குழாயில் சென்சார் வைத்துத் தனி மீட்டர் மாட்டலாம்.

அப்பா நம்பவில்லை. மில் நண்பரிடம் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்கிவந்து, ஒர்க்‌ஷாப் பள்ளத்தில் நின்று கியர் பாக்ஸின் அடித்தட்டில் குறிபார்த்தார். "கொரோனாவுக்கு நெத்தியில வெச்சாங்களே, அது இதுக்கு ஆகாதும்மா. அது காய்ச்சல் அளவோட நின்னுடும்" என்று எனக்கு வகுப்பு வேறு. செல்போன் காட்டியதைவிட ஐந்தாறு டிகிரி குறைவாகக் காட்டியது. வெளித்தகடு உள்ளே இருக்கும் ஆயிலைவிடக் கொஞ்சம் குளிர்ந்துதானே இருக்கும்! அதன் பிறகுதான் செல்போனை நம்பினார்.

இப்போது அப்பாவுக்கு எண்கள் அத்துப்படி. தச்சூர் தாண்டி ஹைவேயில் 85. செங்குன்றம் நெரிசலில் 100-ஐத் தொடும். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் கியரை 'என்'னுக்கு மாற்றிவிடுவார். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்து காரை நிறுத்திவைக்க மாட்டார், பிரேக்தான். 110-ஐ நெருங்கினால் ஓரங்கட்டி, ஏசியை அணைத்து, 'பி'-யில் போட்டு இன்ஜினை மட்டும் ஓடவிடுவார். இன்ஜினை அணைத்தால் ஆயிலைக் கூலருக்குத் தள்ளும் பம்பும் நின்றுவிடும். இன்ஜின் முள்ளும் சேர்ந்து ஏறினால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும்.

இந்த ஆடியிலும் பெரியபாளையம் போனோம். விடியற்காலையிலேயே கிளம்பியும் கூட்டம்தான். 108 காட்டியதும் அப்பா ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். அம்மா புளியோதரை டப்பாவைத் திறந்தார். இருபது நிமிஷத்தில் 92.

கிளம்பும்போது அப்பா ஒரு கையால் கதவைப் பிடித்து மெதுவாக எழுந்ததைப் பார்த்தேன். "முழங்கால் வலிக்குதாப்பா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார்.

எத்தனையோ வருஷமாக இதே பதில்தான். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.