அமைதியும் நலமும்

உடலுக்கு நோய் வந்தால் அதை ஊரறியச் சொல்லுகிறோம். காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் கஞ்சி கொண்டுவருவர். கால் முறிந்தால் உறவினர் பழங்களோடு மருத்துவமனைக்கு வருவர். உள்ளத்திற்கு நோய் வந்தாலோ, வீட்டுக் கதவு முதலில் சாத்தப்படுகிறது. பிறர் அறியாமல் காப்பதே அக்குடும்பத்தின் பெருங்கவலையாகி விடுகிறது. நோயின் துன்பம் ஒரு பங்கு. அதை மறைக்கும் துன்பம் இரு பங்கு. இம்மறைப்பு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கும் வருகிறது. ஆசிரியப் பெருமக்களோடும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களோடும் இதுபற்றிச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சிற்றூர் உள்ளது. 1911ஆம் ஆண்டில் அங்கே மனநோயாளர்களுக்கென ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. நாளடைவில் அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாகி விட்டது. நான் வளர்ந்த தோட்டத்தில், லயத்துப் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டால் “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்பதே கடைசி அம்பாக இருக்கும். அவ்வூரைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கும் அச்சொல்லின் கூர்மை தெரிந்திருந்தது. பின்னர் அம்மருத்துவமனைக்குப் ‘பஹாகியா’ என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் மகிழ்ச்சி என்பது அதன் பொருள். ஜொகூர் பாருவில் 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையும் ‘பெர்மாய்’ என்னும் இனிய பெயரைப் பெற்றது. பெயர்கள் மாறின, வசை மட்டும் மாறவில்லை.

மருத்துவமோ பெரிதும் மாறிவிட்டது. 1950களில் பயனுள்ள மருந்துகள் வந்தபின், நோயாளரை ஆயுள் முழுதும் சுவர்களுக்குள் வைத்திருக்கும் முறை படிப்படியாகத் தளர்ந்தது. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 2010இல் அதற்கான விதிகள் ஆகியவற்றின்வழி, சமூகத்திற்குள்ளேயே சிகிச்சை அளிக்கும் நிலையங்களுக்கு நம் நாட்டில் இடம் வகுக்கப்பட்டது. இன்று சுகாதார அமைச்சின் ‘மெந்தாரி’ நிலையங்கள் அப்பணியைச் செய்கின்றன. மெந்தாரி என்றால் கதிரவன். இருட்டறையில் பூட்டிவைத்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ஆய்வுகள் கூறுவதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுள் 7.9 விழுக்காட்டினரிடம் உளநலச் சிக்கல் காணப்பட்டது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 16.5 விழுக்காடாக உயர்ந்தது. இடையில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உயர்வுக்கு அதுவொன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் 30 மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஏறத்தாழ ஐவர் என்னும் கணக்கு ஆசிரியரைச் சிந்திக்க வைக்க வேண்டும். அந்த ஐவரும் மனநோயாளர் என்று பொருளன்று. யாரேனும் நின்று கவனிக்க வேண்டிய பிள்ளைகள் என்பதே பொருள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், மனநோய்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கின்றனர். அந்த வயதில் பிள்ளை நம் பொறுப்பில் அல்லவா இருக்கிறது?

யார் அந்த ஐவர்? ஆசிரியர் அறையில் கேட்டால், நாற்காலியைத் தள்ளுபவன், அடுத்தவனைக் குத்துபவன், பாடத்தின் நடுவே கூச்சலிடுபவன் ஆகியோரின் பெயர்களே முதலில் வரும். குறும்பு தானே தன்னை அறிவித்துக்கொள்ளும். துயரம் அவ்வாறு அறிவித்துக்கொள்வதில்லை. இங்கிலாந்து மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட வினாப்பட்டியல் ஒன்று உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் விடையளிக்கத்தக்க 25 கூற்றுகள் அதில் உள்ளன. பிள்ளை கட்டுக்கு அடங்குகிறதா என்று கேட்பதோடு அது நின்றுவிடவில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறதா, மிகுதியாகக் கவலைப்படுகிறதா, தனித்தே இருக்கிறதா என்றும் கேட்கிறது. உள்ளத்து உணர்வு உடலில் தோன்றும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் அதற்கென மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்துள்ளார். அச்சமும் அழுகையும் மெய்யில் படும் என்பதை இலக்கண வகுப்பில் கற்பிக்கும் நாம், அந்தக் கண்ணைக் கொண்டே மாணவர் முகத்தையும் பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சிறிய பள்ளியில், நான்காம் ஆண்டில் ஒரு மாணவி பயின்றாள். முதலாம் ஆண்டிலிருந்தே அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் “அமைதியானவள், அடக்கமானவள்” என்னும் குறிப்பு தவறாமல் இடம்பெற்றிருந்தது. கையெழுத்து முத்துப் போல் இருக்கும். யாரோடும் சண்டையில்லை, யாரோடும் நட்புமில்லை. அவ்வாண்டு வகுப்பாசிரியையாக வந்த இளம் ஆசிரியை மட்டும் வேறொன்றைக் கவனித்தார். திங்கட்கிழமைகளில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஆசிரியை நாள்களைக் குறித்து வைத்தார். ஏழு வாரங்களில் ஐந்து திங்கட்கிழமைகள். அந்தக் குறிப்போடு அவர் என் அறைக்கு வந்தார். தந்தையை அழைத்துப் பேசினோம். அவர் நெடுநேரம் தயங்கியபின், மனைவி மனநல மருத்துவமனையில் இருப்பதாகவும், ஞாயிறுதோறும் மகளோடு பேருந்தேறிச் சென்று பார்த்துவருவதாகவும் கூறினார். “வெளியில் தெரிந்தால் பிள்ளையைக் கேலி செய்வார்களே, ஐயா” என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

ஆசிரியை அவளிடம் எதையும் துருவவில்லை. நூலக மூலையில் புத்தகம் அடுக்கத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நாளும் பத்து நிமிடம். மூன்றாம் வாரத்தில், அலமாரியைப் பார்த்தபடியே அவள் கேட்டாளாம்: “நான் சத்தம் போட்டு விளையாடினதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சா, டீச்சர்?”

ஆசிரியை இதைச் சொன்னபோது என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. நாம் நற்பண்பு என்று எழுதிவந்த அந்த அமைதி, ஒரு குழந்தை தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையாக இருந்தது. தன் குரல் எழுந்தால் தாயின் நோய் மிகும் என்று அவள் நம்பியிருந்தாள். பெற்றோரின் மனநோய்க்குத் தாமே காரணம் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வது பொதுவாகக் காணப்படும் நிலை என்று உளவியலாளர் கூறுகின்றனர். யாரும் விளக்காத இடத்தைப் பிள்ளையின் மனம் குற்றவுணர்வால் நிரப்பிக்கொள்கிறது.

ஆசிரியை சொன்ன விடை எளியது: “இல்லை அம்மா. உன் அம்மாவுக்கு வந்திருப்பது நோய். அதற்கு மருந்து உண்டு. நீ செய்த எதனாலும் அது வரவில்லை.” பின்னர்த் தந்தையின் ஒப்புதலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஆலோசகரை நாடினோம். தாயும் சில திங்களில் வீடு திரும்பினார். மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டு வேலைக்கும் சென்றார். வயிற்றுவலி உடனே நின்றுவிடவில்லை. சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆண்டிறுதியில், வகுப்பில் மிகுதியாகப் பேசுவதாக அவள்மீது ஒரு புகார் வந்தது. அந்தப் புகாரை நான் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டேன்.

ஆசிரியர் மருத்துவர் அல்லர். நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. நம்மால் செய்யக்கூடியவை மூன்று. மாற்றத்தைக் கவனித்து நாளோடு குறித்து வைப்பது ஒன்று. துருவாமல், அறிவுரை கூறாமல், பிள்ளை பேசும்வரை அருகில் இருப்பது இரண்டு. ஆலோசகரிடமோ அரசாங்க மருந்தகத்திடமோ வழிகாட்டி, அந்த வழியில் பெற்றோர் தனித்துச் செல்லாமல் பார்த்துக்கொள்வது மூன்று. பிள்ளை உயிரை வெறுத்து ஒரு சொல் சொன்னாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாது, அன்றே செயற்பட வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை நம் நாடு 2023இல் நீக்கிவிட்டது. தண்டனையன்று, துணையே தேவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, நம் நாவு மட்டும் பின்தங்கலாமா? ‘பைத்தியம்’ என்னும் சொல்லையும், ஓர் ஊரின் பெயரை வசையாக்கும் வழக்கத்தையும் முதலில் ஆசிரியர் அறையிலிருந்து அகற்றுவோம். வகுப்பறையிலிருந்து அவை தாமே அகலும்.

தேர்ச்சி அறிக்கை எழுதும் காலம் ஆண்டுதோறும் வருகிறது. ‘அமைதியானவர்’ என்று எழுதுமுன் எழுதுகோலைச் சற்று நிறுத்துவோம். இது நிறைந்த மனத்தின் அமைதியா, அஞ்சிய மனத்தின் அமைதியா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். விடை தெரியாவிட்டால், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையைப் புத்தகம் அடுக்க அழைப்போம்.